அமாவாசை அன்று நடுவில் ஆடியவள்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தணிகாசலம் வீட்டுத் தறியில் நடுவில் உட்கார்ந்து நெய்தவள் கிருஷ்ணவேணி. அவருடைய மூத்த மகள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில் அவளுக்கு இருபத்தோரு வயது. வேலையில் சுத்தம், நாக்கில் காரம், மூக்கு நுனியில் கோபம். ஆண்பிள்ளை இல்லாத குறையைத் தணிகாசலத்துக்கு இந்தப் பெண் தீர்த்துவிட்டாள் என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். அது காதில் விழுந்தால் போதும், அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும். புகழ்ந்தால் யாருக்குத்தான் பிடிக்காது? இவளுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான். ஆனால் அவள் இருக்கும் இடத்தில் இன்னொருத்தியைப் புகழ்ந்துவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. மற்றபடி தங்கமான பெண்.

உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக வைத்த பட்டுச்சேலையை ஒருத்தரே நெய்துவிட முடியாது. நடுவில் இருப்பவர் உடலுக்கான ஊடை நூலைச் சுமக்கிற நாடாவை ஓட்டுவார். ஓரத்தில் இன்னொருத்தர் உட்கார்ந்து கரைக்கான நாடாவை ஓட்டித் தர வேண்டும். இரண்டு நிறமும் கைகோக்கிற இடத்துக்குக் கோர்வை என்று பெயர். தணிகாசலம் வீட்டுத் தறியில் அந்த ஓரத்தில் நாலு வருஷமாக இருந்தவள் அம்சா. பக்கத்துக் கிராமமான முசரவாக்கத்துக்காரி. அப்பா அப்பாதுரைக்கு ஒரு கைப்பிடி நிலம், அதிலும் பாதி வருஷம் தண்ணீர் கிடையாது. காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வருவாள், பொழுது சாய்ந்ததும் போய்விடுவாள். கிருஷ்ணவேணியைவிட இரண்டு வயது இளையவள், சாதுவான பெண்.

தறி வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. தறிக்குச் சொந்தக்காரர் வீட்டு ஆள்தான் நடுவில் உட்காரலாம். ஓரத்து ஆள் எத்தனை கெட்டிக்காரியாக இருந்தாலும் ஓரம் ஓரம்தான். நடுவில் இருப்பவர் மிதிபலகையை மிதித்த பிறகுதான் அவள் நாடாவைத் தொட வேண்டும். நடுவில் இருப்பவர் வாய் திறந்த பிறகுதான் அவளும் பேச வேண்டும். இதையெல்லாம் யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. ஆனால் மீறியவர்களும் கிடையாது.

தறிக் குழிக்குள் காலை விட்டு நாள் முழுக்க மிதிக்கிற பெண்ணின் காலில் எவ்வளவு பலம் இருக்கும் என்று அந்த ஊரில் யாரும் யோசித்ததில்லை. யோசித்தவர் மாணிக்கவாசகம் சார் ஒருவர்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர். எழுபத்து நாலில் நெசவாளர் வீட்டுப் பெண்களாகப் பார்த்துப் பதினைந்து பேரைத் திரட்டி, வேகவதி ஆற்று மணலில் இறக்கிவிட்டு, உதையுங்கள் என்று ஒரு பந்தைப் போட்டார். ஆற்றில் தண்ணீர் வந்தால்தானே அதிசயம், மணலுக்கு என்ன பஞ்சம்? தாவணியை அவிழ்த்து வைத்துவிட்டு, அண்ணன் தம்பிகளின் டிரவுசரை மாட்டிக்கொண்டு பெண்கள் ஓடினார்கள். ஊர் சும்மா இருக்குமா? வாய்க்கு வந்ததைப் பேசியது. கிருஷ்ணவேணியின் அம்மா நீலாம்பாள் ஒரு மாதம் மகளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தணிகாசலம்தான் கடைசியில் இறங்கி வந்தார். தறி ஒரு நாளும் நிற்கக் கூடாது, அமாவாசைக்கு எப்படியும் நெசவுக்கு லீவு, அன்றைக்கு எதை வேண்டுமானாலும் போய் உதைத்துக்கொள் என்று சொல்லிவிட்டார். எல்லா வீட்டிலும் அதே பேச்சுதான். அதனால் காஞ்சிபுரத்துப் பெண்கள் கால்பந்துக் குழுவுக்கு மேட்ச் என்றால் அமாவாசைதான்.

மைதானத்தில் போய்ப் பார்த்தால் தறி தலைகீழாக இருந்தது. நடுவில் சென்டர் பார்வர்டாக ஆடியவள் அம்சா. இடது ஓரத்தில் லெப்ட் அவுட்டாக ஆடியவள் கிருஷ்ணவேணி. மாணிக்கவாசகம் சார் ஆளுக்கொரு கால் பார்த்து இடம் பிரித்தது அப்படி. முதல் இரண்டு வருஷம் அதில் ஒரு தகராறும் இல்லை. கிருஷ்ணவேணி ஓரத்தோடு பந்தை ஓட்டிக்கொண்டு போய், நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தூக்கி அடிப்பாள். பந்து இறங்குகிற இடத்தில் அம்சா நிற்பாள். ஒருத்தியின் மிதி எப்போது விழும், நாடா எப்போது வரும் என்று நாலு வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்து பழகியவர்களுக்குக் கூப்பிட்டுச் சொல்ல என்ன இருக்கிறது? வெளியூர்க்காரர்கள் வாயில் ஈ போவது தெரியாமல் பார்ப்பார்கள்.

வினை பேப்பர்காரன் உருவில் வந்தது. எழுபத்தாறு பங்குனியில் திருவள்ளூர்ப் பெண்களை இரண்டுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தார்கள். மறுநாள் பேப்பரில் மூன்று வரி. காஞ்சிபுரம் அம்சா இரண்டு கோல் போட்டார் என்று இருந்தது. இரண்டு பந்தும் யார் காலிலிருந்து வந்தது என்று ஓர் எழுத்து இல்லை. தணிகாசலம் அந்தத் துண்டைக் கத்தரித்துத் தறிக்கு எதிர்ச் சுவரில் ஒட்டினார் பாருங்கள், அங்கேதான் அவர் தப்புப் பண்ணினார். எங்கள் தறிப் பெண் என்று பெருமை அவருக்கு. நாள் முழுக்க அந்தச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து நெய்ய வேண்டியவள் அவர் மகள்.

கிருஷ்ணவேணிக்கு வயிறு எரிந்தது. சும்மா சொல்லக் கூடாது, பற்றி எரிந்தது. கடைத்தெருவுக்குப் போனால் அம்சா எப்படி இருக்கிறாள் என்று கேட்டார்கள். சாயப்பட்டறைக்காரர் அம்சாவின் டீம் அடுத்து எங்கே ஆடுகிறது என்று கேட்டார். அம்சாவின் டீமாம்! என் வீட்டுத் தறியில் ஓரத்தில் உட்காருகிறவள், என் காலிலிருந்து பந்து வாங்கி உள்ளே தள்ளுகிறவள், அவளுக்கு டீமா என்று உள்ளுக்குள் குமைந்தாள். பிறகு வாய் சும்மா இருக்கவில்லை. கோர்வை இழுக்கிறது, இழை தளர்ந்திருக்கிறது, கையா அது உலக்கையா என்று ஒன்றுமில்லாததற்கெல்லாம் அம்சாவைப் பிடுங்கி எடுத்தாள். அம்சா குனிந்து பார்ப்பாள். கோர்வை சரியாகத்தான் இருக்கும். சரிக்கா, பார்த்துப் போடுகிறேன் என்பாள். அந்தப் பொறுமை வேறு கிருஷ்ணவேணிக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. ஒரு தடவை எதிர்த்துப் பேசியிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பாள்.

ஆனியில் அடுத்த இடி விழுந்தது. வேலூரில் ஒரு மேட்ச், ஜில்லா டீமுக்கு ஊருக்கு ஒருத்தி வேண்டும் என்றார்கள். மாணிக்கவாசகம் சார் அம்சாவின் பெயரைக் கொடுத்துவிட்டார். கோல் போடுகிறவளைத்தானே அனுப்புவார்கள்? அம்சா போனாள், ஒரு கோல்கூடப் போடாமல் திரும்பி வந்தாள். அன்றைக்கு ராத்திரி கிருஷ்ணவேணி இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். நீலாம்பாளுக்குக் காரணம் புரியவில்லை. நமக்குப் புரியும்.

இந்த நிலையில்தான் ஆடிக் கடைசியில் மாணிக்கவாசகம் சாருக்கு மெட்ராஸிலிருந்து ஒரு கார்டு வந்தது. பெண்களுக்கென்று அங்கே பெரிய லீக் நடந்துகொண்டிருந்தது. மில், கிளப் என்று எட்டு டீம். அதற்கு மேல் பெண்களுக்கு ஆட்டம் கிடையாது. அடுத்த சீசன் தை மாதம் தொடங்கப் போகிறது, ஆள் சேர்க்கிறார்கள், ஒரு மில் டீமின் மேனேஜர் ரேணுகாம்பாள் என்ற அம்மாள் ஆவணி அமாவாசைக்கு நேரில் வந்து செங்கல்பட்டோடு நடக்கும் மேட்சைப் பார்ப்பார், ஒரு பெண்ணைப் பார்த்து எடுத்துக்கொள்வதாக உத்தேசம் என்று கார்டில் இருந்தது. எடுத்துக்கொண்டால் மெட்ராஸிலேயே இருக்க இடம், மில்லில் வேலை, காலையும் மாலையும் ஆட்டம்.

ஒரு பெண். யார் என்று கார்டில் இல்லை, ஆனால் யாருக்கும் சந்தேகமும் இல்லை. சாயப்பட்டறை முதல் பஸ் ஸ்டாண்டு வரை அம்சாவைத்தான் பார்க்க வருகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவள் போய்விட்டால் கோர்வைக்கு ஆள் தேட வேண்டுமே என்று தணிகாசலம்கூடக் கவலைப்பட ஆரம்பித்துவிட்டார். என் மகளை எடுத்தால் தறி என்ன ஆகும் என்று அவருக்குக் கவலை வரவில்லை. அப்படி ஒன்று நடக்கும் என்றே அவர் நினைக்கவில்லை. அதுதான் கிருஷ்ணவேணிக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அந்த ஒரு இடம் அவளுக்கு வேண்டும். தறியை விட்டு, தெருவை விட்டு, அந்த ஒரு லீக்கில் ஒரு வருஷமாவது ஆட வேண்டும். அதைவிட, சொல்லத்தான் வேண்டும், அது அம்சாவுக்குக் கிடைக்கக் கூடாது.

யோசித்து யோசித்து அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். ஓரத்தில் ஆடுகிறவளை எந்தக் கண் பார்க்கும்? நடுவில் நின்று கோல் போட்டால்தானே பேர். தன் தறியில் நடு இடம் தனக்கு என்றால் ஆட்டத்தில் மட்டும் ஏன் இல்லை? இப்படி நினைக்க ஒரு தறி வீட்டுப் பெண்ணால்தான் முடியும்.

அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னால், நெய்துகொண்டிருக்கும்போதே அம்சாவிடம் சொன்னாள். "வர்ற மேட்சுல நான் நடுவுல ஆடறேன்டி. நீ என் எடத்துக்குப் போய்க்கோ."

அம்சாவின் கையில் நாடா நின்றது. ஓரம் உனக்குத்தானே அக்கா அத்தனை நல்லா வரும், அன்னிக்குப் பார்த்து எதுக்கு மாத்தணும் என்று இழுத்தாள்.

"இந்தத் தறியில நடுவுல யாரு குந்திக்கினு இருக்கறது? நீயா நானா?"

அம்சா சரிக்கா என்றாள். பத்து இழை போயிருக்கும். அம்சா தொண்டையைச் செருமிக்கொண்டு, "அக்கா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றாள். நடுவில் இருப்பவள் பேசாதபோது அவளாக வாய் திறந்தது அந்த நாலு வருஷத்தில் அன்றுதான். மெட்ராஸுக்குப் போகிற கனவைச் சொல்லி என் வாயால் வாழ்த்துக் கேட்கப் போகிறாள் என்று கிருஷ்ணவேணி நினைத்துக்கொண்டாள். நாடாவைப் போடுடி முதலில் என்று அதட்டினாள். அம்சா நாடாவைப் போட்டாள். அதற்குப் பிறகு அவள் எதையும் சொல்லவில்லை.

அமாவாசை அன்று சர்வதீர்த்தக் குளத்துக்கு அந்தாண்டைப் பொட்டலில் ஆட்டம். தறி சத்தம் இல்லாத நாள் என்பதால் தெருவே திரண்டு வந்திருந்தது. ரேணுகாம்பாள் நெடுநெடுவென்று உயரமாக, வெள்ளைச் சேலையும் கான்வாஸ் ஷூவுமாக வந்து இறங்கினார். பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலி போட்டார்கள். மடியில் ஒரு நோட்டு, கையில் குடை. இடம் மாற்றுகிற செய்தி காதில் விழுந்ததும் மாணிக்கவாசகம் சாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்றைக்கா உங்கள் விளையாட்டைக் காட்ட வேண்டும் என்று கத்தினார். அக்கா ஆசைப்படுது சார், ஒரு ஆட்டந்தானே என்று அம்சாவே சமாதானம் சொன்னாள். சொன்னவள் அவளாக இருந்ததால் அவர் விட்டுவிட்டார்.

ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே குட்டு வெளிப்பட்டது. அம்சா ஓரத்திலிருந்து பந்தைத் தூக்கி அனுப்புவாள், அது கோலுக்கு நேரே அழகாக வந்து இறங்கும், அங்கே ஆள் இருக்க மாட்டாள். கிருஷ்ணவேணியின் கால் பழக்கதோஷத்தில் இடது பக்கமே போனது. ஒரு தடவை இரண்டு பேரும் ஓரத்தில் ஒருவர் மேல் ஒருவர் மோதிக்கொண்டு விழுந்தார்கள். ஜனம் சிரித்தது. இன்னொரு தடவை செங்கல்பட்டுக் கோல்கீப்பர் வழுக்கி விழுந்துவிட்டாள். வாசல் திறந்து கிடக்கிறது, காலடியில் பந்து கிடக்கிறது, சின்னக் குழந்தை தள்ளினாலும் உள்ளே போகும். கிருஷ்ணவேணி பல்லைக் கடித்துக்கொண்டு உதைத்த உதையில் பந்து கம்பத்துக்கு மேலே பறந்து, எருமை மேய்ந்துகொண்டிருந்த இடத்தில் போய் விழுந்தது. ரேணுகாம்பாள் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

பாதி ஆட்டத்தில் எல்லாரும் தண்ணீர் குடிக்க வந்தார்கள். அம்சா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மாத்திக்கலாமாக்கா? இன்னும் நேரம் இருக்குது," என்றாள் மெதுவாக. கெஞ்சுகிற குரல்.

"எனக்கு வர்ற சான்ஸைப் புடுங்கலாம்னு பாக்கறியா? எல்லாத்தையும் நீயே தின்னுக்கினு கெட. பேப்பரும் உனக்கு, வேலூரும் உனக்கு, மெட்ராஸும் உனக்கா?"

நாலைந்து பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்சா குனிந்துகொண்டாள். அவிழாத ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினாள். எழுந்து இடது ஓரத்துக்கே போய் நின்றாள். பாதிக்குப் பிறகும் அவள் பந்து அனுப்புவதை நிறுத்தவில்லை. மொத்தம் ஏழு பந்து. ஏழையும் கிருஷ்ணவேணி பாழாக்கினாள். முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது செங்கல்பட்டு லெப்ட் அவுட் ஒருத்தி ஓடிவந்து தூக்கி அடித்ததில் அவர்களுக்கு ஒரு கோல் விழுந்தது. தோற்றுப்போனார்கள்.

மாணிக்கவாசகம் சார் விருந்தாளிகளுக்குச் சோடா வாங்கப் போனார். ரேணுகாம்பாள் குடையைப் பிடித்துக்கொண்டு நேராக இரண்டு பேரிடமும் வந்தார். முடிந்தது, அம்சாவைத்தான் எடுக்கப் போகிறாள், அதை நான் பக்கத்தில் நின்று காது கொடுத்துக் கேட்க வேண்டும், என் தலையெழுத்து என்று கிருஷ்ணவேணி மண்ணைப் பார்த்தபடி நின்றாள்.

"என்ன அம்சா, உன்னை ஓரத்துல போட்டுட்டாங்க? போகட்டும். உன்னைப் பார்க்க நான் வரலை. வேலூர்லயே உன்னை எடுத்தாச்சே," என்றார் அந்த அம்மாள்.

கிருஷ்ணவேணி தலை நிமிர்ந்தாள்.

ரேணுகாம்பாள் சொல்லிக்கொண்டே போனார். அவருடைய டீமில் லெப்ட் அவுட் ஆடிக்கொண்டிருந்த பெண்ணுக்குக் கல்யாணமாகிவிட்டது. சீசனுக்கு இனி அந்த ஒரு இடம்தான் காலி. அவர் பார்த்த வேலூர் மேட்சில் அம்சா ஒவ்வொரு தடவையும் சரியான இடத்துக்கு ஓடினாள், பந்துதான் அவளுக்கு வரவில்லை. ஏன் இப்படி என்று ஆட்டம் முடிந்து கேட்டபோது, எனக்குப் பந்து கொடுக்கிற அக்கா வரவில்லை என்றாளாம். எங்கள் ஊரில் லெப்ட் அவுட்டில் அந்த அக்கா அடித்தால் கண்ணை மூடிக்கொண்டு ஓடினாலும் பந்து காலில் வந்து நிற்கும், நான் போட்ட கோலெல்லாம் பாதிக்கு மேல் அவங்களுடையது, அவங்களையும் எடுத்தால்தான் நானும் வருவேன் என்றாளாம். பார்க்க வருகிறேன், ஆனால் அந்தப் பெண்ணிடம் சொல்லாதே, தெரிந்தால் பயந்து ஆடும் என்று இவர்தான் அம்சாவின் வாயைக் கட்டிப் போட்டிருக்கிறார்.

"காலையில முதல் பஸ்ஸுல கிளம்பி வந்தது அதுக்காகத்தான். அந்தப் பொண்ணு இன்னிக்கு வரலையாம்மா?"

கேட்டது இரண்டு பேரையும் பொதுவாகத்தான். அம்சா கிருஷ்ணவேணியைப் பார்த்தாள். சொல்லுக்கா, சொல்லேன் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். நான்தான் அது என்று இரண்டு வார்த்தை, அவ்வளவுதான் வேண்டியது. ஆனால் சொன்னால் அடுத்த கேள்வி வரும். பிறகு ஏன் நீ உன் இடத்தில் ஆடவில்லை என்று கேட்பார். அதற்குப் பதிலை அம்சாவை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வாள்? இவள் மேல் பொறாமை, அதனால் இவள் இடத்தைப் பிடுங்கிக்கொண்டேன் என்றா? நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது அவளுக்கு. அம்சா பொறுக்க மாட்டாமல் வாயைத் திறக்கப் போனதைப் பார்த்தாள். சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள்.

"வரலைங்கம்மா," என்றாள் கிருஷ்ணவேணி.

அந்த அம்மாள் ஒரு பெருமூச்சு விட்டார். இந்த வாரம் பேர் கொடுத்தாக வேண்டும், செங்கல்பட்டு லெப்ட் அவுட் பரவாயில்லை, அவளோடு பேசுகிறேன், நீ பார்த்த வரைக்கும் நல்லாத்தான் இருக்காள் இல்லையா என்று அம்சாவிடம் கேட்டார். மாணிக்கவாசகம் சார் சோடா பாட்டில்களோடு திரும்பி வருவதற்குள் பொட்டலின் அந்தப் பக்கத்தில் நோட்டில் பேர் எழுதி, கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது. அந்த அம்மாள் தேடி வந்தது கிருஷ்ணவேணியை என்று அம்சா சொல்லித் தெரிந்ததும் அவர் சோடாவைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். ஓடிப்போய்ச் சொல்கிறேன் என்று கிளம்பினார். வேண்டாம் சார், நான்தான் சொல்லவில்லை என்று கிருஷ்ணவேணி அவரை மறித்து நின்றுவிட்டாள். வீம்புக்கு அப்போதும் குறைச்சல் இல்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது இரண்டு பேரும் ஒன்றாகவே நடந்தார்கள். தெருமுனை வந்ததும் கிருஷ்ணவேணிதான் முதலில் வாய் திறந்தாள்.

"நெசமாவே வேலூர்ல என்னைப் பத்தி அப்படிச் சொன்னியாடி?"

"நெசத்தைத்தானேக்கா சொன்னேன்," என்ற அம்சா அதற்கு மேல் தாங்காமல் அழ ஆரம்பித்துவிட்டாள்.

தையில் அம்சா மெட்ராஸுக்குப் போனாள். போக மாட்டேன் என்று ஒரு மாதம் அடம் பிடித்தவளைக் கிருஷ்ணவேணியே திட்டி அனுப்பி வைத்தாள். கோர்வைக்கு நீலாம்பாள் வந்து ஓரத்தில் உட்கார்ந்தாள். அம்சா மேல் இருந்த எரிச்சல் அன்றோடு போயிற்று, அது உண்மை. ஆனால் பொறாமை என்னவோ போகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஓடினாலும் காலில் பந்தைக் கொண்டுவந்து வைக்கிற ஒரு அக்கா இருந்தாளாமே, அவளை நினைத்துக் கிருஷ்ணவேணி அதற்குப் பிறகு எத்தனையோ அமாவாசைக்கு வயிறு எரிந்தாள்.